கினிப்பன்றிக் கூண்டுக்கு எந்தத் தரை?

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலையில், ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஒரு சிறு கூண்டைச் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு என் வீட்டிற்கு வந்தான். கூண்டுக்குள் இரண்டு கினிப்பன்றிகள் இருந்தன. கூண்டை அவனே செய்திருந்தான். நான்கு பக்கமும் மரச்சட்டம்; தரைக்குக் கம்பி வலை; அதன் கீழே ஒரு தகரத் தட்டு.

"சார், எங்கள் ஊரில் ஆடுகளைப் பரண் மேல் வளர்க்கிறார்கள். புழுக்கையும் சிறுநீரும் கீழே விழுந்துவிடும். கூட்டவே வேண்டாம். அதைப் பார்த்துத்தான் இதைச் செய்தேன். தட்டை எடுத்துக் கழுவினால் போதும். ஆனால் ஒரு மாதமாக இது சரியாக நடப்பதில்லை" என்றான்.

ஒன்றைக் கையிலெடுத்துத் திருப்பிப் பார்த்தோம். பின்னங்காலின் உள்ளங்கால் சிவந்து வீங்கி, நடுவில் சிறு புண்ணும் இருந்தது. "முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டு தம்பி. பிறகு தரையைப் பற்றிப் பேசுவோம்" என்று அனுப்பி வைத்தேன்.

அவனுடைய யோசனையில் பாதி சரியானது. ஆட்டுக்கு நன்றாகப் பயன்படும் தரை கினிப்பன்றிக்கு ஏன் கேடாக முடிந்தது? எளிதில் கழுவவும் வேண்டும், விலங்கின் காலும் நோகக் கூடாது என்றால் எந்தத் தரை அமைப்பது? இக்கேள்விகளுக்கு விடை பெரும்பாலும் நீங்கள் பள்ளியில் படிக்கும் இயற்பியலிலேயே இருக்கிறது. அதை இக்கட்டுரையில் காண்போம்.

பன்றியும் அல்ல, கினியும் அல்ல

கினிப்பன்றி பன்றியினத்தைச் சேர்ந்தது அன்று. எலி, அணில் போன்ற கொறிக்கும் விலங்கு. ஆப்பிரிக்காவிலுள்ள கினி நாட்டுக்கும் இதற்கும் தொடர்பில்லை. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைப்பகுதி மக்கள் பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இதைப் பழக்கி வளர்த்தனர். அங்கே இதற்குக் 'குய்' என்று பெயர். இதன் விஞ்ஞானப் பெயர் காவியா போர்செல்லஸ்.

வளர்ந்த கினிப்பன்றி ஏறத்தாழ 700 முதல் 1200 கிராம் வரை எடையிருக்கும். முன்னங்கால் ஒவ்வொன்றிலும் 4 விரல்கள், பின்னங்கால் ஒவ்வொன்றிலும் 3 விரல்கள். உள்ளங்காலில் மயிர் இல்லை. மென்மையான தோல் மட்டுமே. பகல் முழுவதும் தின்றுகொண்டே இருக்கும். ஆகவே புழுக்கையும் சிறுநீரும் ஓயாமல் வந்துகொண்டே இருக்கும். ஒரே மூலையில் மட்டும் அசுத்தம் செய்யும் வழக்கமும் இதற்கு இல்லை. இந்த மென்மையான பாதமும் ஓயாத ஈரமும்தான் தரைப் பிரச்சினையின் இரு பக்கங்கள்.

கம்பி வலையும் அழுத்தமும்

அழுத்தம் என்பது ஓரலகுப் பரப்பின் மீது செயல்படும் விசை என்று படித்திருக்கிறீர்கள். ஒரு கினிப்பன்றியின் எடை 1000 கிராம் என்றும், அதன் நான்கு பாதங்களும் தரையைத் தொடும் பரப்பு மொத்தம் 8 சதுர செ.மீ. என்றும் வைத்துக்கொள்வோம். சமமான தரையில் நிற்கும்போது ஒவ்வொரு சதுர செ.மீ. தோலும் 125 கிராம் எடையைத் தாங்குகிறது.

இப்போது அதைக் கம்பி வலை மீது விடுவோம். கம்பியின் தடிமன் 1 மி.மீ.; ஒரு கம்பியின் நடுவிலிருந்து அடுத்த கம்பியின் நடுவரை 12 மி.மீ. என்று கொள்வோம். இத்தகைய சதுரக் கண்ணி வலையில், மொத்தப் பரப்பில் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்குதான் கம்பி. மற்றதெல்லாம் வெறும் துவாரம். எனவே அதே எடையை ஆறில் ஒரு பங்கு தோல் தாங்க வேண்டும். ஒரு சதுர செ.மீட்டருக்கு 125 கிராம் என்பது 750 கிராம் ஆகிவிடுகிறது! கம்பி உருண்டையாக இருப்பதால் தொடும் பரப்பு இன்னும் குறைவாகவும், அழுத்தம் இன்னும் கூடுதலாகவும் இருக்கக்கூடும்.

தோலின் அடியிலுள்ள நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெடுநேரம் நசுங்கினால் அவ்விடத்தில் இரத்த ஓட்டம் தடைப்படும். தோல் வெடிக்கும். ஈரமும் அழுக்கும் சேர்ந்தால் கிருமிகள் உள்ளே புகும். பாதம் வீங்கிப் புண்ணாகும். இது முற்றினால் எலும்பு வரை பரவும். சிறிய கால் கண்ணிக்குள் சிக்கி எலும்பு முறிவதும் உண்டு. இதனால்தான் ஆய்வுக்கூடங்களிலும் கினிப்பன்றிக்குக் கம்பித் தரையைவிடக் கெட்டித் தரையே நல்லதென்று இப்போது பரிந்துரைக்கப்படுகிறது.

அப்படியானால் ஆட்டுக்கு மட்டும் எப்படி? ஆட்டின் காலில் இருப்பது குளம்பு. அது நம் நகத்தைப் போன்ற கெட்டியான பொருள். அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. மேலும், பரணில் இருப்பது மெல்லிய கம்பி அன்று, அகலமான மரச்சட்டங்கள். சட்டங்களுக்கிடையே விடும் சந்து புழுக்கை விழும் அளவே இருக்கும். குளம்பு ஒரு சட்டத்தின் மீது நன்றாக அமர்ந்துவிடும். அந்த மாணவன் பரணின் சந்தைப் பார்த்தான். சட்டத்தின் அகலத்தையும் குளம்பையும் பார்க்கத் தவறிவிட்டான்.

பாதப் புண் ஆறுவதற்கு இன்னொன்றும் வேண்டும். நம்மைப் போலவே கினிப்பன்றியின் உடலாலும் வைட்டமின் 'சி'யைத் தயாரித்துக்கொள்ள முடியாது. 1907ஆம் ஆண்டில் நார்வே நாட்டு விஞ்ஞானிகள் ஆக்சல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃபுரோலிக் ஆகியோர், தானியம் மட்டுமே தின்ற கினிப்பன்றிகளுக்கு மனிதருக்கு வருவது போன்ற ஸ்கர்வி நோய் வருவதைக் கண்டறிந்தனர். இந்த வைட்டமின் குறைந்தால் புண்கள் எளிதில் ஆறா. ஆகவே நல்ல தரையோடு பசும்புல், கீரை, சிறிது கொய்யா போன்றவையும் தேவை.

மரப்பலகை ஏன் நாறுகிறது?

கம்பி வலை வேண்டாம் என்றவுடன் பலருக்கும் தோன்றுவது மரப்பலகை. மிதிக்க இதமானது, ஆனால் சில வாரங்களிலேயே நாற ஆரம்பித்துவிடும். எவ்வளவு கழுவினாலும் போகாது. ஏன்?

மரம் உயிரோடிருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீரைக் கொண்டு சென்ற நுண்ணிய குழாய்கள் பலகையிலும் அப்படியே இருக்கின்றன. மெல்லிய குழாயில் நீர் தானாகவே ஏறும் என்பதை நீங்கள் அறிவீர்கள். இதற்கு நுண்புழை ஏற்றம் என்று பெயர். பரப்பு இழுவிசையே இதற்குக் காரணம். சுவரை முழுவதும் நனைக்கக்கூடிய குழாயின் ஆரம் 1 மி.மீ. எனில் நீர் ஏறத்தாழ 1.5 செ.மீ. ஏறும். ஆரம் 0.01 மி.மீ. எனில் அதுபோல நூறு மடங்கு, அதாவது 1.5 மீட்டர் வரை ஏற முடியும். குழாய் எவ்வளவு மெல்லியதோ, இழுப்பு அவ்வளவு வலியது.

சிறுநீர் இப்படிப் பலகைக்குள் இழுக்கப்படுகிறது. நாம் ஊற்றும் தண்ணீர் மேற்பரப்பைக் கழுவுகிறதே தவிர, உள்ளே போனதை முழுவதும் வெளியே கொண்டு வருவதில்லை. உள்ளே தங்கிய சிறுநீரிலுள்ள யூரியாவைப் பாக்டீரியாக்கள் சிதைத்து அம்மோனியா வாயுவாக மாற்றுகின்றன. நம் மூக்கைச் சுளிக்க வைப்பது அதுதான். நாம் நின்றுகொண்டு முகர்கிறோம். கினிப்பன்றியின் மூக்கோ எந்நேரமும் தரைக்கு ஓரிரு அங்குல உயரத்திலேயே இருக்கிறது. அம்மோனியா அதன் மூச்சுக் குழாயையும் கண்ணையும் அரித்து, சளி நோய்க்கு வழி திறந்துவிடும். பூசாத சிமெண்டுத் தரையிலும் செங்கல்லிலும் இதே குறை உண்டு.

நனைவது வேறு, உறிஞ்சுவது வேறு

ஓர் எளிய சோதனை. ஒரு செங்கல் துண்டு, மரப்பலகை, பளபளப்பான டைல்ஸ் கல், மெழுகுவர்த்தி தேய்த்த அட்டை, பாலித்தீன் தாள் ஆகியவற்றை வரிசையாக வையுங்கள். ஒவ்வொன்றின் மீதும் ஒரே அளவில் ஒரு சொட்டு மை கலந்த நீரை விடுங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஈரத்துணியால் துடையுங்கள்.

செங்கல்லில் சொட்டு நொடியில் மறைந்துவிடும், கறை நிற்கும். பலகையில் மெதுவாகப் பரவி ஊறும், கறை நிற்கும். டைல்ஸ் கல்லில் சொட்டு அகலமாகப் பரவும். துடைத்தால் சுத்தமாகப் போய்விடும். மெழுகிலும் பாலித்தீனிலும் சொட்டு பரவாமல் முத்துப் போல நிற்கும். அதுவும் துடைத்தால் போய்விடும்.

இதிலிருந்து என்ன தெரிகிறது? சொட்டு பரவுவதா, முத்தாக நிற்பதா என்பதைத் தீர்மானிப்பது திரவத்துக்கும் திடப்பொருளுக்கும் இடையிலுள்ள தொடுகோணம். தொடுகோணம் குறைந்தால் பரவும். 90 டிகிரிக்கு மேற்பட்டால் முத்தாகும். ஆனால் சுத்தம் செய்வதற்கு முதலில் வேண்டியது, பரப்பில் துவாரம் இல்லாமை. டைல்ஸ் நனைகிறது, ஆனால் உறிஞ்சுவதில்லை. எனவே 'தண்ணீர் ஒட்டாத பொருள்' என்று தேடி அலைய வேண்டாம். 'தண்ணீர் உள்ளே போகாத பொருள்' என்று தேடினால் போதும்.

மலிவாகக் கிடைப்பவை எவை? வீட்டுத் தரையில் விரிக்கும் பி.வி.சி. விரிப்பு, ஓரளவு தடிமனான பிளாஸ்டிக் தாள், மிஞ்சிய டைல்ஸ், மெருகேற்றிய கிரானைட் துண்டுகள் முதலியன. ஆயினும் டைல்ஸையோ கிரானைட்டையோ பதித்தால் இணைப்புகளில் கவனம் வேண்டும். இரு கல்லுக்கும் இடையிலுள்ள மெல்லிய சந்தும் ஒரு நுண்புழையே! கல் உறிஞ்சாவிட்டாலும் சந்து உறிஞ்சும். அதனால் இணைப்பே இல்லாத ஒரே தாளாக விரிப்பது மேல்.

தரை சாய்வாக இருந்தால் திரவம் தானே வடிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவும் மாட்டுத் தொழுவத்தில் சாய்வு பயன்படும். சிறு கூண்டில் விழுவதோ சில சொட்டுகள். மென்மையான சாய்வில் சிறு சொட்டு உருண்டு ஓடாமல் ஒட்டிக்கொண்டு நிற்பதைச் சன்னல் கண்ணாடியில் மழைத்துளி நிற்பதைப் பார்த்தே அறியலாம். அங்கே பரப்பு இழுவிசை புவியீர்ப்பை வென்றுவிடுகிறது. எனவே சாய்வை நம்பாமல், சொட்டை உறிஞ்சி அப்புறப்படுத்தும் வழியைத் தேட வேண்டும்.

பனிக்கட்டிக்குள் ஒரு கினிப்பன்றி

தரையைத் தேர்ந்தெடுக்கும்போது வெப்பத்தையும் மறக்கக் கூடாது. கினிப்பன்றிக்கும் வெப்ப இயலுக்கும் பழைய உறவு உண்டு. 1783ஆம் ஆண்டு பாரிசில் லவாய்சியரும் லாப்லாசும் தம் பனிக்கட்டிக் கலோரிமானியில் ஒரு கினிப்பன்றியை வைத்தனர். அதன் உடல் வெப்பத்தால் 10 மணி நேரத்தில் 13 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 400 கிராம் பனிக்கட்டி உருகியது. உயிரினத்தின் சுவாசமும் ஒருவகை மெதுவான எரிதலே என்ற கருத்துக்கு இச்சோதனை அடிப்படையாயிற்று.

நாமும் கணக்கிட்டுப் பார்ப்போம். 1 கிராம் பனிக்கட்டி உருக 334 ஜூல் வேண்டும். 400 கிராமுக்கு 1,33,600 ஜூல். 10 மணி நேரம் என்பது 36,000 வினாடி. வகுத்தால் வினாடிக்கு ஏறத்தாழ 3.7 ஜூல், அதாவது 3.7 வாட். நம் வீட்டு 5 வாட் இரவு விளக்கைவிடக் குறைவு! இச்சிறிய உலை, தன் உடலை ஏறத்தாழ 38, 39 டிகிரி செல்சியசில் வைத்துக்கொள்ள வேண்டும். வயிற்றைத் தரையில் பதித்துப் படுக்கும் விலங்கிடமிருந்து தரை எவ்வளவு வெப்பத்தைப் பறிக்கிறது என்பது அற்பக் கேள்வி அன்று.

கிரானைட்டின் வெப்பங் கடத்துதிறன் மரத்தைப் போல ஏறத்தாழ இருபது மடங்கு. உலர்ந்த புல்லின் இடையே காற்று அடைபட்டிருப்பதால், அது மரத்தைவிடவும் குறைவாகவே கடத்தும். மார்கழி, தை மாதங்களின் விடியற்காலையில் தருமபுரிப் பக்கத்தில் வெறுங்காலோடு கல் தரையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அக்காலத்தில் வெறும் கல்லோ டைல்ஸோ கினிப்பன்றிக்கு ஆகாது.

ஆனால் கத்திரி வெயிலில் நிலைமை தலைகீழாகிறது. கினிப்பன்றி குளிரைவிட வெப்பத்துக்கே அதிகம் அஞ்சும். 30 டிகிரிக்கு மேல் துன்பப்படும்; கடும் வெப்பத்தில் இறந்தும் போகும். அப்போது நிழலில் குளிர்ந்த ஒரு கிரானைட் துண்டைக் கூண்டின் ஒரு மூலையில் வைத்தால், அதுவே விரும்பிப் போய்ப் படுத்துக்கொள்ளும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் (2004 வரை இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்தன) கிரானைட் வெட்டியெடுக்கப்படுகிறது. சிறு துண்டு கிடைப்பது கடினமன்று. குளிர்காலத்தில் வேண்டாத அதே குணம் கோடையில் வேண்டியதாகிறது!

இரண்டு அடுக்குத் தரை

இப்போது எல்லாவற்றையும் ஒன்று சேர்ப்போம். கழுவ எளிதாக இருக்கக் கீழே ஊறாத அடுக்கு வேண்டும். பாதத்துக்கு மென்மையும் உடலுக்கு இதமும் தர, சொட்டை உடனே உறிஞ்ச, மேலே ஊறும் அடுக்கு வேண்டும். ஒரே பொருளில் இரண்டையும் தேடியதால்தான் சிக்கல் வந்தது.

கீழ் அடுக்கு: இரண்டு கினிப்பன்றிகளுக்கு 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள தரை நல்லது. அதற்கு 136 செ.மீ. நீளமும் 76 செ.மீ. அகலமும் உள்ள ஒரே தாளாக பி.வி.சி. விரிப்பை வெட்டிக்கொள்ளுங்கள். நான்கு பக்கமும் 8 செ.மீ. உயரத்துக்கு மேல்நோக்கி மடியுங்கள். மூலைகளைக் கத்தரிக்காதீர்கள். இலையைக் கிழிக்காமல் மடித்துத் தொன்னை செய்வார்கள் அல்லவா, அதுபோல மடித்து வெளிப்புறம் ஒட்டிவிடுங்கள். கத்தரித்தால் அந்த வெட்டு வழியே திரவம் தாளின் அடிக்குப் போய்ப் பலகையை நனைக்கும். மேலே எவ்வளவு துடைத்தாலும் நாற்றம் போகாது.

கினிப்பன்றியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளரும். எதையாவது கொறித்தபடியே இருக்கும். பிளாஸ்டிக் ஓரம் கண்ணில் பட்டால் கடித்துத் தின்றுவிடும். அது குடலை அடைக்கலாம். எனவே மடித்த ஓரத்தின் மேல், பூச்சு இல்லாத மர ரீப்பரை வைத்து அறைந்து மூடிவிட வேண்டும்.

மேல் அடுக்கு: முதலில் நாலைந்து செய்தித்தாள்களை விரித்து, அதன் மேல் உலர்ந்த மென்மையான புல்லை மூன்று நான்கு விரல் உயரத்துக்குப் பரப்பலாம். நம் பக்கத்தில் கேழ்வரகுத் தாள் கிடைக்கும். நன்கு காய்ந்து, பூஞ்சணம் பிடிக்காததாகப் பார்த்துச் சிறிதாக நறுக்கிப் போடலாம். சோளத்தட்டு வேண்டாம், அதன் வெட்டு முனை பாதத்தைக் குத்தும். மரத்தூளும் வேண்டாம், அதன் நுண்தூசி மூக்கில் ஏறும்.

துணி விரிக்க விரும்புவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பருத்தி இழை நீரைத் தனக்குள்ளேயே வாங்கிக்கொள்ளும். அதனால் மேற்புறம் ஈரமாகவே இருக்கும். பாலியஸ்டர் போர்வைத் துணியின் இழை நீரை உள்ளே வாங்குவதில்லை. இழைகளின் இடைவெளி வழியே கீழே கடத்திவிடும். ஆகவே அடியில் பழைய பருத்தித் துணியை நாலைந்து மடிப்பாகவும், மேலே பலமுறை துவைத்த பாலியஸ்டர் போர்வையையும் விரித்தால் ஈரம் அடியிலும், காய்ந்த பரப்பு மேலேயும் இருக்கும். கினிப்பன்றியின் பாதம் உலர்ந்தே இருக்கும்.

கழுவும்போது கவனம்

நனைந்த இடத்தை நாள்தோறும் எடுத்துப் புதிதாகப் போடுங்கள். வாரம் ஒன்றிரண்டு முறை எல்லாவற்றையும் எடுத்துத் தாளைக் கழுவி வெயிலில் காய வைத்து, முழுவதும் காய்ந்த பின் விலங்கை விடுங்கள்.

சில நாளில் தாளின் மேல் வெள்ளைப் படிவு தோன்றும். கினிப்பன்றியின் சிறுநீர் காரத்தன்மை உடையது. அதில் கால்சியம் கார்பனேட்டு மிகுதி. சோப்பு இதைக் கரைக்காது. சிறிது வினிகரை ஊற்றிப் பத்து நிமிடம் விட்டால், அமிலம் அதைக் கரைத்துக் கார்பன்-டை-ஆக்சைடாக நுரைக்கச் செய்யும். பிறகு துடைத்தால் போய்விடும்.

ஓர் எச்சரிக்கை. சிறுநீர் இருக்கும் தரையில் பிளீச்சிங் பவுடரைத் தூவாதீர்கள். அம்மோனியாவும் அதுவும் சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு உண்டாகும். வினிகரும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தாலோ குளோரின் வாயு வெளிப்படும். இரண்டும் உங்கள் நுரையீரலுக்கும் ஆபத்து. சோப்பும் தண்ணீரும் வெயிலுமே போதுமானவை.

அந்த மாணவன் இரண்டு மாதம் கழித்து மீண்டும் வந்தான். மருத்துவர் கொடுத்த மருந்தாலும் புதிய தரையாலும் புண் ஆறிவிட்டதாம். "கம்பி வலையை என்ன செய்தாய் தம்பி?" என்று கேட்டேன். "கூண்டுக்கு மேல் மூடியாகப் போட்டுவிட்டேன் சார். பூனை வராது" என்றான். வலைக்கு அதுதான் சரியான இடம்.

நீங்களும் உங்கள் வீட்டு முயல் கூண்டையோ கோழிக் கூட்டையோ மாட்டுத் தொழுவத்தையோ ஒருமுறை பாருங்கள். கழுவுகிறவருக்கு அத்தரை எளிதா என்று மட்டும் பார்க்காமல், அதன் மேல் நிற்கும் காலைத் தூக்கி உள்ளங்காலையும் பாருங்கள்.